கொடுக்கும் கைகள் மாறும், கொடுப்பவர் மாறார்
ஜோர்ஜ் முல்லரின் வாழ்க்கை

நான் விடுதி மாணவியாக இருந்த காலத்தில் மூன்று வேளையும் உணவுக்கு முன் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லுவோம். கண்ணை மூடுமுன் மேசையில் என்ன இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். இடியப்பமும் சொதியும் என்றால் ஸ்தோத்திரம் மண்டபம் முழுவதும் கேட்கும். பூசணிக்காய்க் கறி என்றால் முணுமுணுப்போடு முடிந்துவிடும். விடுதிப் பொறுப்பாசிரியை ஒருநாள் இதைக் கவனித்துவிட்டார். உங்கள் நன்றி கறியைப் பார்த்து ஏறி இறங்குகிறதே, கடவுளும் அப்படி ஏறி இறங்குகிறவரா என்று கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை. அன்றிரவு படிப்பு நேரம் முடிந்தபின் எங்களை இருத்தி அவர் சொன்ன கதைதான் ஜோர்ஜ் முல்லரின் கதை.

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்கப்பட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் அதுவே. நூறு ஆண்டு நிறைவில் நன்றி கூறாதவர் இல்லை. யாருக்கு, எதற்காக நன்றி கூறுகிறோம் என்பதை ஆறுதலாக எண்ணிப்பார்க்க அந்த மனிதரின் வாழ்க்கை உதவும்.

ஜோர்ஜ் முல்லர் 1805ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆம் திகதி பிரஷ்யா நாட்டின் குறோப்பன்ஸ்டெட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அரசாங்க வரி சேகரிப்பவர். வீட்டில் இருந்த அரசாங்கப் பணத்தில் மகன் பத்து வயதாகுமுன்பே கைவைக்கத் தொடங்கினான். சந்தேகங்கொண்ட தந்தை பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போய்ப் பரிசோதித்தபோது, களவுபோன காசு மகனின் சப்பாத்துக்குள் இருந்தது. தாய் இறந்த இரவில் பதினான்கு வயது ஜோர்ஜ் அது தெரியாமல் நடுநிசி கடந்தும் சீட்டாடிக்கொண்டிருந்தான். பதினாறு வயதில் விடுதியொன்றில் தங்கிச் செலவழித்துவிட்டுப் பணம் கட்ட முடியாமல் சிறைக்குப் போனான். தந்தை பணம் அனுப்பியபின்பே வெளியே வந்தான்.

இத்தகைய பையனைத்தான் தந்தை குருவாக்க விரும்பினார். குருவானவருக்கு நல்ல வருமானம் உண்டு, முதுமையில் மகனோடு வசதியாக இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். முல்லர் 1825இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவரானார். நூற்றுக்கணக்கான புத்தகங்கள் அவரிடம் இருந்தன. வேதாகமம் ஒன்று இல்லை. அந்த ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நண்பர் ஒருவர் அவரை ஒரு வியாபாரியின் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒருவர் முழங்காலில் நின்று ஜெபித்தார். முழங்கால்படியிட்டு ஜெபிக்கும் மனிதரை முல்லர் அதுவரை கண்டதேயில்லை. வீடு திரும்பும்போது தாம் இதுவரை அனுபவித்த இன்பங்கள் எல்லாம் சேர்ந்தும் அந்த மாலைப்பொழுதுக்கு ஈடாகாது என்று உணர்ந்தார். அன்று தொடங்கிய மாற்றம் பின்னோக்கிச் செல்லவில்லை.

ஹாலே நகரம் தமிழராகிய எமக்கு அந்நியமானதல்ல. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கித் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு ஐயர் அங்கே படித்தவரே. அவருடைய பணிக்குத் துணைநின்ற பேராசிரியர் பிராங்கே, ஹாலேயில் பெரியதோர் அநாதை இல்லத்தை நிறுவியிருந்தார். முல்லரின் காலத்தில் பிராங்கே இறந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் இல்லம் நின்றது. ஏழை இறையியல் மாணவருக்கென அங்கே ஒதுக்கப்பட்டிருந்த இலவச அறைகளில் முல்லரும் இரண்டு மாதங்கள் தங்கினார். பிராங்கேயைத் தாங்கிய கடவுள் தம்மையும் தாங்குவார் என்ற எண்ணத்தின் விதை அங்கேதான் விழுந்தது.

1829இல் முல்லர் இங்கிலாந்துக்கு வந்தார். அடுத்த ஆண்டில் டெவன் மாகாணத்தின் கடற்கரை ஊரான ரீன்மவுத்தில் ஒரு சிறிய சபையின் போதகரானார். 1830 ஒக்ரோபர் 7ஆம் திகதி மேரி குறோவ்ஸ் என்பவரை மணந்தார். திருமணமான அதே மாதத்தில் தமது வருடச் சம்பளமாகிய 55 பவுணை வேண்டாம் என்று விட்டார். அக்காலத்தில் சபையின் ஆசனங்களுக்கு வாடகை அறவிட்டே போதகருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பணமுள்ளவர் முன்னாலும் ஏழைகள் பின்னாலும் இருக்கும் முறை வேத போதனைக்கு முரணானது என்று அவருக்குப் பட்டது. சிற்றாலயத்தில் ஒரு பெட்டியை வைத்தார். விரும்பியவர் விரும்பியதைப் போடலாம். புது மணப்பெண் முகம் சுளிக்கவில்லை. அன்றிலிருந்து இறக்கும்வரை அவர்களுக்கு நிலையான சம்பளம் என்று ஒன்று இருக்கவில்லை.

1832இல் குடும்பம் பிறிஸ்டல் நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஆண்டு அங்கே வாந்திபேதி நோய் பரவிப் பலரைக் கொன்றது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவில் அலைவதை முல்லர் கண்டார். அவர்களுக்கென்று ஏற்ற இடங்கள் நாட்டில் மிகக் குறைவு. இருந்த சிலவற்றிலும் செல்வாக்குள்ளோரின் சிபாரிசு இல்லாமல் இடம் கிடைப்பது கடினம். எஞ்சிய பிள்ளைகள் ஏழைகள் விடுதிக்குப் போகவேண்டும், அல்லது தெருவில் நிற்கவேண்டும்.

ஆனால் முல்லர் அநாதை இல்லம் தொடங்கியதற்கு இரக்கம் மட்டும் காரணமல்ல என்பதை அவரே தமது நூலில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய சபையில் ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு பதினான்கு, பதினாறு மணி நேரம் வேலை செய்தார். உடல் கெட்டது, ஆன்மாவும் வாடியது. சற்றுக் குறைத்துக்கொள்ளும்படி முல்லர் சொன்னபோது, குறைத்தால் குடும்பம் பசியால் வாடும் என்றார் அந்த மனிதர். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று வாயால் சொல்லுவோரும் உள்ளத்தில் அதை நம்பவில்லை என்பதை முல்லர் கண்டார். பழைய ஏற்பாட்டுக் காலத்தில் கொடுத்த கடவுள் இன்றும் அதே கடவுள்தான் என்று கண்ணால் காணக்கூடிய அத்தாட்சி ஒன்று வேண்டும் என்று எண்ணினார். கையில் பணம் இல்லாத ஒருவன், எந்த மனிதரிடமும் கேளாமல், ஜெபத்தினால் மட்டும் பிள்ளைகளை வளர்த்துக் காட்டினால் அது அத்தாட்சியாகும் அல்லவா?

1835 டிசெம்பர் 9ஆம் திகதி ஒரு கூட்டத்தில் தமது எண்ணத்தை வெளியிட்டார். காணிக்கை எடுக்கவில்லை. கூட்டம் முடிந்தபின் ஒருவர் 10 ஷில்லிங் கொடுத்தார். ஒரு பெண்மணி தம்மையே சேவைக்கு ஒப்புக்கொடுத்தார். பின்னர் ஒரு சுகவீனமான தையற்காரப் பெண் 100 பவுண் கொண்டுவந்தார். வாரத்துக்குச் சில ஷில்லிங்கே உழைக்கும் அவருக்குத் தந்தையின் சொத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தது. முல்லர் உடனே வாங்கிவிடவில்லை. அவசரப்பட்டுக் கொடுக்கிறாரோ என்று அஞ்சி நெடுநேரம் பேசி அவருடைய மனத்தைச் சோதித்தார். அந்தப் பெண் அசையாதிருப்பதைக் கண்டபின்பே ஏற்றுக்கொண்டார்.

வீடும் பணமும் தளபாடமும் உதவியாளரும் கிடைத்துவிட்டன. பிள்ளைகளைச் சேர்ப்பதற்கென 1836 பெப்ரவரி 3ஆம் திகதி குறிக்கப்பட்டது. முல்லர் ஆலய அறையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. தனியே வீட்டுக்கு நடக்கும்போது அவருக்கு உறைத்தது: எல்லாவற்றையும் கடவுளிடம் கேட்டிருந்தார், பிள்ளைகளை மட்டும் கேட்கவில்லை. அநாதைகளுக்கா பஞ்சம் என்று எண்ணிவிட்டார். அன்று மாலை முகங்குப்புற விழுந்து ஜெபித்தார். அடுத்த நாள் முதல் விண்ணப்பம் வந்தது. தாமாகவே கிடைக்கும் என்று நாம் கணக்கில் எடுக்காத காரியங்களும் அவருடைய கொடையே என்பது அவர் அன்று கற்ற பாடம்.

1836 ஏப்ரல் 11ஆம் திகதி வில்சன் வீதி 6ஆம் இலக்க வீடு திறக்கப்பட்டது. அது பெண் பிள்ளைகளுக்கான வீடு என்பது எமது மலரில் குறிப்பிடத்தக்கது. ஏழு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட முப்பது சிறுமிகளுக்கென்று அது ஒழுங்கு செய்யப்பட்டது. சிறு குழந்தைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் அதே வீதியில் வேறு வீடுகள் பின்னர் எடுக்கப்பட்டன.

ஒழுங்குகள் கண்டிப்பானவை. யாரிடமும் பணம் கேட்பதில்லை. கடன் வாங்குவதில்லை. தேவை என்னவென்று ஒருவர் வலிந்து கேட்டாலும் சொல்வதில்லை. வரும் ஒவ்வொரு பென்சும் கணக்கில் எழுதப்படவேண்டும். 1838ஆம் ஆண்டிலிருந்து சில வருடங்கள் மிகவும் நெருக்கமானவை. காலையில் மாலை உணவுக்குப் பணம் இருக்காது. உதவியாளர் தங்கள் சொந்தப் பணத்தையும் போட்டார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடும் தவறவில்லை; தட்டுப்பாடு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

1838 செப்ரெம்பர் 18ஆம் திகதி அத்தகைய நாட்களில் ஒன்று. கையில் ஒன்றும் இல்லை. அன்று இலண்டன் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி தம் மகள் கொடுத்தனுப்பிய 3 பவுண் 2 ஷில்லிங் 6 பென்சைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் சில நாட்களாகவே ஆண் பிள்ளைகளின் இல்லத்துக்கு அடுத்த வீட்டில் தங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இவர்கள் இங்கே கண்ணீரோடு ஜெபித்த நாட்கள் முழுவதும் பணம் சுவருக்கு அப்பால் இருந்திருக்கிறது! முல்லர் இதை ஆழ்ந்து யோசித்தார். கொடுக்கவேண்டும் என்ற சித்தம் கடவுளுக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. தாமதித்தது தயக்கத்தினால் அல்ல, தம் பிள்ளைகளின் விசுவாசத்தை வளர்ப்பதற்காகவே என்ற முடிவுக்கு வந்தார்.

1841இன் இறுதியில் இன்னொரு சோதனை. வருடாந்த அறிக்கையை வாசிக்கும் கூட்டம் நடக்கவேண்டிய நேரம் அது. பணமோ அறவே இல்லை. நிலைமையை மக்கள் கேட்டால் உதவி பாயும் என்பது நிச்சயம். அதனாலேயே முல்லர் கூட்டத்தைப் பின்போட்டார். அறிக்கை மறைமுகமான பிச்சைப் பாத்திரமாகிவிடக்கூடாது என்பது அவருடைய எண்ணம். சில மாதங்கள் வறுமையோடு கழிந்தன. எவரிடமும் சொல்லவில்லை.

1845இல் வில்சன் வீதி அயலவர் ஒருவர், பிள்ளைகளின் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று மரியாதையாகக் கடிதம் எழுதினார். முல்லர் கோபிக்கவில்லை. முறைப்பாட்டில் நியாயம் உண்டென்று கண்டு, ஊருக்கு வெளியே ஆஷ்லி டவுன் என்னும் மேட்டு நிலத்தில் காணி வாங்கினார். 1849 ஜூன் மாதம் 300 பிள்ளைகளுக்கான முதல் கட்டடம் திறக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டளவில் ஐந்து பெரிய கட்டடங்களும் முடிந்து 2,050 பிள்ளைகளுக்கு இடம் உண்டானது. ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் கட்டடச் செலவு. வீடு வீடாக நன்கொடைப் புத்தகம் போகவில்லை.

1857இன் மாரிகாலத்தில் முதலாம் இல்லத்தைச் சூடாக்கும் கொதிகலனில் கசிவு ஏற்பட்டது. திருத்துவதற்கு நெருப்பை அணைக்கவேண்டும். வேலைக்கு நாள் குறித்தபின் கடுமையான வாடைக்காற்று வீசத் தொடங்கியது. முந்நூறு பிள்ளைகளை எப்படிக் குளிரில் விடுவது? முல்லர் இரண்டு காரியங்களைக் கேட்டார்: தென்காற்று வேண்டும், வேலையாட்களுக்கு வேலை செய்யும் மனம் வேண்டும். குறித்த நாளில் தென்காற்று வீசியது. நெருப்பு இல்லாமலே தாங்கக்கூடிய இளஞ்சூடு. மாலையில் மேற்பார்வையாளர் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப நினைக்க, அவர்களோ இரவிரவாக வேலை செய்து முடிக்க விரும்புவதாகச் சொன்னார்கள்.

பிள்ளைகளுக்கு உணவும் உடையும் மட்டுமல்ல, நல்ல கல்வியும் கிடைத்தது. ஆண் பிள்ளைகள் பதினான்கு வயதளவில் தொழில் பழகப் போனார்கள். பெண் பிள்ளைகள் பதினேழு வயதுவரை தங்கிப் படித்து, வீட்டுப் பணிக்கும், தாதியராகவும், ஆசிரியைகளாகவும் போனார்கள். ஏழைகளை அவர்களுடைய நிலைக்கு மேலாகப் படிப்பிக்கிறார் என்று முல்லர் மேல் குற்றஞ்சாட்டியவர்களும் உண்டு. பெண் பிள்ளைகளைப் படிப்பித்து என்ன காணப்போகிறீர்கள் என்று எம் ஊர்களிலும் ஒருகாலம் கேட்டார்களே, அதே குரல்தான்.

இதுவரை சொன்னது கிடைத்தவற்றின் கதை. இதோடு நிறுத்தினால் முல்லரைப் பாதியே அறிந்தவர்களாவோம். கேட்டதெல்லாம் கிடைத்தவனுக்குக் கடவுள் நல்லவர் என்று சொல்வது பெரிய காரியமா? முல்லரின் விசுவாசம் சோதிக்கப்பட்டது பணத்தட்டுப்பாட்டில் அல்ல, மரணப் படுக்கைகளின் அருகில்.

அநாதை இல்லம் தொடங்குவதற்கு முன் 1835இல் ஒன்றரை வயது நிறையாத தம் ஒரே மகனை அவர் அடக்கம் செய்தார். 1870 பெப்ரவரி 6ஆம் திகதி, ஐந்தாம் இல்லம் திறக்கப்பட்ட அதே காலத்தில், மனைவி மேரி இறந்தார். முப்பத்தொன்பது வருடத் துணை. பிள்ளைகளின் உடுப்புகளையும் விரிப்புகளையும் தெரிந்தெடுத்தவரும், மாதக் கணக்குகளைச் சரிபார்த்தவரும், தினமும் இல்லங்களைச் சுற்றி வந்தவரும் அவரே. கணவனும் மனைவியும் ஒவ்வொரு நாளும் சேர்ந்து ஜெபித்தவர்கள். அடக்க ஆராதனையை அறுபத்து நான்கு வயது முல்லர் தாமே நடத்தினார். பின்னர் ஒரு பிரசங்கமும் செய்தார். கடவுள் நல்லவர், நன்மை செய்கிறவர் என்று கூறும் சங்கீத வசனத்தை எடுத்து மூன்று பகுதிகளாகப் பிரித்தார். மேரியைத் தமக்குத் தந்ததில் கடவுள் நல்லவராக இருந்தார் என்பது முதலாவது. இத்தனை காலம் அவரைத் தம்மிடம் விட்டுவைத்ததில் நல்லவராக இருந்தார் என்பது இரண்டாவது. அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டதிலும் நல்லவராகவே இருக்கிறார் என்பது மூன்றாவது.

முதலிரண்டையும் எவரும் சொல்லுவோம். மூன்றாவதைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? முல்லர் கல்மனம் படைத்தவரல்ல. மேரி இல்லாத வீட்டின் வெறுமையை அவர் மறைக்கவில்லை. அடக்கத்தின் பின் நோயாளியாகவும் கிடந்தார். துயரம் துயரமாகவே இருந்தது. ஆனால் அந்தத் துயரத்தை வைத்துக் கடவுளை அளக்க அவர் மறுத்தார். ஒளிகளைப் படைத்த பிதாவிடம் நிழலின் சாய்வு இல்லை என்று யாக்கோபு எழுதியதை அவர் பிரசங்க மேடைக்கு மட்டும் உரியதாக வைத்திருக்கவில்லை. சூரியன் சாய்ந்தால் நிழல் நீளும், குறுகும். நன்மை தரும் கடவுளோ நேற்று ஒருவராகவும் இன்று வேறொருவராகவும் இருப்பதில்லை. ஆகவே இன்று கை வெறுமையாக இருப்பது அவர் மாறிவிட்டார் என்பதற்கு அடையாளமாகாது.

எழுபது வயதில், மற்றவர்கள் ஓய்வெடுக்கும் காலத்தில், முல்லர் பிரயாணம் தொடங்கினார். 1875 முதல் 1892 வரை இரண்டாம் மனைவி சூசன்னாவோடு 42 நாடுகளில் பிரசங்கித்தார். இலங்கையும் அவற்றுள் ஒன்று. 1890இல் இந்தியாவின் ஜபல்பூரில் இருந்தபோது, ஒரே மகள் லிடியா இறந்த செய்தி வந்தது. ஏறக்குறைய முப்பது வருடங்கள் சம்பளமின்றி இல்லங்களில் பணி செய்தவர் அவர். 1894இல் சூசன்னாவும் இறந்தார். எண்பத்தெட்டு வயதில் மீண்டும் தனியரானார். அப்போதும் அவருடைய சாட்சி 1870இல் சொன்னதே.

1898 மார்ச் 9ஆம் திகதி மாலை வழக்கம்போல ஜெபக்கூட்டத்தை நடத்திவிட்டு நித்திரைக்குப் போனார். மறுநாட்காலை தமது அறையில் இறந்திருக்கக் காணப்பட்டார். வயது 92. அவர் காலத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அநாதைகள் அந்த இல்லங்களில் வளர்ந்திருந்தார்கள். ஏறக்குறைய 15 இலட்சம் பவுண் அவர் கைகளால் கடந்து சென்றிருந்தது. தமக்கென்று தனிப்பட்ட முறையில் வந்த பணத்திலும் 81,000 பவுணுக்கு மேல் கொடுத்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற சொத்து, வீட்டுச் சாமான்கள் உட்பட, இருநூறு பவுணுக்கும் குறைவு.

எமது சங்கம் முல்லரைப் போல நடப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். நாம் சுற்றறிக்கை அனுப்புகிறோம், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கிறோம், வெளிநாட்டுக் கிளைகளிடம் கேட்கிறோம். அதில் தவறில்லை. எல்லோரும் தம்மைப் போலவே செய்யவேண்டும் என்று முல்லரும் சொல்லவில்லை. தாம் பெற்றது தமக்கு மட்டும் உரிய அபூர்வ வரம் என்று சொல்வதையே அவர் ஏற்கவில்லை. எந்தச் சாதாரண விசுவாசியும் அதே கடவுளை நம்பலாம் என்பதே அவர் சொல்லவந்தது. சுற்றறிக்கை அனுப்பினாலும் நம்பிக்கையைச் சுற்றறிக்கையில் வைக்கவேண்டாம் என்று நாம் இதை எடுத்துக்கொள்ளலாம்.

இம்மலரின் பக்கங்களில் கொடையாளர் பலரின் பெயர்களைக் காண்பீர்கள். முதல் ஆண்டுகளின் பெயர்கள் இப்போது எவருக்கும் முகம் தெரியாதவை. இன்றைய பெயர்களும் அடுத்த நூற்றாண்டில் அவ்வாறே ஆகும். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லுவோம். அவர்களுக்குக் கொடுக்கும் மனத்தைக் கொடுத்தவரையும் மறவாதிருப்போம்.

யுத்தத்திலும் இடம்பெயர்விலும் கடற்கோளிலும் கேட்டது கிடைக்காமல், இருந்ததையும் இழந்த சகோதரிகள் எம்மிடையே உண்டு. அவர்களிடம் கடவுள் நல்லவர் என்று இலேசாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மனைவியின் கல்லறையிலிருந்து வந்து அதைச் சொன்ன ஒருவர் இருந்தார் என்று மட்டும் சொல்லுவேன்.

எங்கள் விடுதிப் பொறுப்பாசிரியை இப்போது எம்மோடு இல்லை. அவர் கதை சொன்ன இரவுக்கு அடுத்த நாள் மதியமும் பூசணிக்காய்க் கறிதான். அன்று எல்லோரும் கண்ணை முதலில் மூடிவிட்டு ஸ்தோத்திரம் சொன்னோம்.